மறுநாள் காலை வண்டி

அன்புள்ள செல்விக்கு,

நாத்தனார் கல்யாணம் முடிந்து சேலத்திலிருந்து திரும்பும்போது பிள்ளைகளைச் சின்ன மாமனார் காரில் அனுப்புவதாகச் சொன்னாய். ராத்திரி பார்ட்டி முடிந்த கையோடு அவர் வண்டி எடுக்கக் கூடாது என்று உனக்கே தெரியும். நான் பயப்படுவது மறுநாள் காலை ஏழு மணிக்கு.

கணக்குப் போட்டுப் பார். குவார்ட்டர் என்பது 180 மில்லி பிராந்தியோ விஸ்கியோ. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம், எடையில் 60 கிராம். 70 கிலோ ஆளின் ரத்தத்தில் அது 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் வரை ஏற்றும். சட்டம் விடுவது 30 வரைதான். ஈரல் மணிக்குச் சுமார் 15 தான் இறக்கும். ஆக, குவார்ட்டருக்கே ஆறு மணி நேரம் வேண்டும். ஆஃப், அதாவது அதில் இரண்டு மடங்கு, அடித்திருந்தால் மறுநாள் மத்தியானச் சாப்பாடு வரை கணக்கு தீராது. காபி, மோர், தலைக்குக் குளியல் எல்லாம் தூக்கத்தைத்தான் விரட்டும். வாசனையை நம்பாதே, ஒரு பாக்குப் பொட்டலம் போதும் அதை மறைக்க. பேசும்போது நாக்கு இழுக்கிறதா, சாவியைத் துவாரத்தில் போடத் தடுமாறுகிறாரா, அதைப் பார்.

"குடிச்சிருக்கீங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதே. பத்துப் பேர் முன்னால் ரோஷம் வந்துவிடும், அப்புறம் சாவியை வாங்க முடியாது. "ஆக்டிங் டிரைவர் சொல்லியாச்சு மாமா, நீங்க பின்னாடி தூங்கிட்டு வாங்க" என்று சொல். வரும் டிரைவரிடமும் ராத்திரி எங்கே படுத்தார் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

பெரியவரிடம் பிள்ளைகள் வாதாட முடியாது. அதனால் அவர்களுக்கு ஒரே வாக்கியம் சொல்லிக்கொடு: "வாந்தி வர்ற மாதிரி இருக்கு, அம்மாகிட்ட பேசணும்." அதைக் கேட்டால் நீ காரணம் கேட்காமல் போய் அழைத்து வர வேண்டும்; அன்றைக்குத் திட்டும் கிடையாது. உன் நம்பரும் மாப்பிள்ளை நம்பரும் மனப்பாடமாக இருக்கட்டும், போனில் சேமித்தது உதவாது. வண்டி கிளம்பிவிட்டால் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். ஸ்டீயரிங்கைத் தொடவோ கத்தவோ கூடாது. பாத்ரூம் அவசரம் என்று பெட்ரோல் பங்கில் இறங்கி, திரும்ப ஏறாமல் அங்கிருப்பவர்களிடம் போன் வாங்கி உனக்கோ அவசர உதவி எண் 112க்கோ பேச வேண்டும். இதை இரண்டு தடவை வீட்டிலேயே விளையாட்டாக நடித்துப் பார்க்கச் சொல்.

ஆக்டிங் டிரைவரிடம் இன்றைக்கே பேசிவிடு. முகூர்த்த நாளில் கடைசி நேரத்தில் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள்.

அன்புடன்,
அப்பா