படியைக் காலியாக வைத்திருந்தவர்களுக்கு

எங்கள் கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்கும் அன்றிரவு ஓடிவந்தவர்களுக்கும் வணக்கம்.

கீழ்த்தள மீட்டர் அறையில் தீப்பிடித்த இரவில் ஆறு மாடிக்காரர்களும் பத்திரமாக இறங்கிவிட்டோம். நடக்க முடியாத என் அம்மாவும்தான். அதற்காகவே இந்த மடல்.

தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இரண்டாம் மாடி ஐயாவுக்கு முதல் நன்றி. படியில் எதையும் வைக்காதீர்கள் என்று ஓராண்டாக வீடு வீடாக வந்து சொன்னார். செருப்பு அலமாரியை எடுக்கச் சொன்னபோது நான் முகம் சுளித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா. அன்று மின்சாரம் போன இருட்டில் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்கியபோது ஒருவர் காலில்கூட எதுவும் இடறவில்லை.

காவலாளி அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது! மீட்டர் அறைக் கதவுக்கு யாராவது செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் தினமும் அதை எடுத்துப் போடுவார். கதவு மூடியிருந்ததால்தான் புகை படிக்கட்டுக்குள் அதிகம் வரவில்லை. வந்திருந்தால் புகைபோக்கியில் ஏறுவதுபோல மேல்மாடிவரை ஏறியிருக்கும். தீ நெருங்கும் முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வாளித் தண்ணீரோடு ஓடியவர்களைத் தடுத்ததும் அவர்தான். மின்தீயில் தண்ணீர் ஊற்றினால் ஊற்றுபவருக்கே ஷாக் அடிக்கும்.

நான்காம் மாடி டீச்சரின் நோட்டில் யாரால் நடக்க முடியாது, யாருக்குக் காது கேட்காது, அவர்களை யார் அழைத்து வருவது என்று எல்லாம் எழுதியிருக்கும். அம்மாவின் பெயருக்கு எதிரே இருந்த இரண்டு தம்பிகளும் நான் கூப்பிடும் முன்பே வாசலில் நின்றார்கள். ஒத்திகையில் என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் பார்த்தவர்கள் அவர்கள். படி திரும்பும் இடத்தில் முன்னால் பிடிப்பவர் எப்படிக் கால் வைக்க வேண்டும் என்பதை அந்த ஒத்திகையில்தான் கண்டுபிடித்தோம். தீப்பிடித்த இரவில் அவர்கள் தூக்கி இறக்கியபோது அம்மா பயப்படவே இல்லை.

தீயணைப்பு வீரர்கள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே யாராவது இருக்கிறார்களா?" கூடுமிடத்தில் நோட்டை வைத்துத் தலை எண்ணி முடித்திருந்ததால், யாருமில்லை என்று உடனே சொல்ல முடிந்தது. அவர்கள் நேராகத் தீயிடம் போனார்கள். அவர்களுக்கு எங்கள் எல்லோருடைய நன்றியும்.

ஐந்தாம் மாடிக்குப் புதிதாக வந்த குடும்பம் மட்டும் நோட்டில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் நினைவாகச் சொல்லி எண்ணிக்கையில் சேர்த்தார். இப்போது எழுதியாகிவிட்டது. அப்புறம், தம்பிகளே, அடுத்த ஒத்திகையில் நாற்காலியின் பின்பக்கத்தை நான் பிடிக்கிறேன்.

அன்புடன்,
மூன்றாம் மாடியிலிருந்து