ஏரிக்கரைப் பூச்சி கொசு அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். தடா, சூளூர்ப்பேட்டை பக்கத்து ஏரிகளில் 'கொசுப்படை' கிளம்பியதாகச் செய்தி போட்டு, கீழேயே நாணல் கதிர்க்குருவியின் படத்தையும் போட்டிருந்தீர்கள். குருவியை ரசிக்கவும் பூச்சிக்குப் புகை அடிக்கவும் ஒரே பக்கத்தில் சொன்னால் எப்படி? அந்தக் குருவிக்குப் பூச்சிதானே சாப்பாடு!

அது கொசு அல்ல, கொசுபோலவே தோன்றும் மிட்ஜ் (midge) என்ற கடிக்காத பூச்சி. விளக்கடியில் விழும் அந்தப் பூச்சியை வெள்ளைத்தாளில் வைத்துப் பாருங்கள். உட்காரும்போது கொசு பின்காலைத் தூக்கும். இது முன்காலைத் தூக்கி நீட்டும். ரத்தம் உறிஞ்சும் ஊசி இதற்குக் கிடையாது. இறக்கையில் செதிலும் இல்லை. இறகு போன்ற உணர்கொம்பை மட்டும் நம்பாதீர்கள், ஆண் கொசுவுக்கும் அது உண்டு.

குருவி ஏறத்தாழ 30 கிராம். பூச்சியோ சில மில்லிகிராம்தான். ஆனால் துணை தேடச் சத்தத்தை நம்புவதில் இரண்டும் ஒன்று. குருவி சம்புக்குள் மறைந்துகொண்டு தொண்டையால் கரகரவென்று கத்தும். ஆண் பூச்சிகள் அந்தி நேரத்தில் தூண்போலத் திரண்டு இறக்கையால் ரீங்கரிக்கும். பெண்ணின் இறக்கை ஓசையை உணர்கொம்பால் கேட்டுத்தான் அடையாளம் காணும்.

புகை அடித்தால் சாவது, எப்படியும் சில நாளில் சாகப்போகிற பூச்சிகள். அதன் புழு, கலர் மீன் கடையில் பிளட் வார்ம் என்று விற்பார்களே, அந்தச் சிவப்புப் புழு, அடிச்சேற்றில் குழாய் கட்டிக்கொண்டு பத்திரமாக இருக்கும். உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் காற்றோட்டமில்லாத சேற்றிலும் தாங்கும். ஆகவே புகை ஓய்ந்த பிறகு அடுத்த கூட்டம் கிளம்பும். இடையில் சிலந்தியும் தட்டானும்தான் வீணாகச் சாகும். பூச்சி அளவுக்கு மீறிப் பெருகினால் ஏரியில் சாக்கடை கலக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கரையோர வீடுகளில் இருட்டத் தொடங்கியதும் ஏரியைப் பார்த்த வெள்ளை டியூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பு போடலாம். செத்துக் குவிந்த பூச்சியை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். அந்தத் தூசு ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒவ்வாது. தண்ணீர் தெளித்து வாரவும். கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியா மருந்தை அளவு கூட்டி ஏரியில் கொட்டினால் இந்தப் புழுவும் சாகும். அதை வீட்டைச் சுற்றித் தேங்கும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
வாசகர், ஆரம்பாக்கம்