பெட்டிக்குள் பதினொரு செக்கன்

மச்சான்,

நீ போட்ட வொய்ஸ் மெசேஜ் கேட்டேன். திரும்ப நானும் ஒன்று போடலாம் என்று ஃபோனைத் தூக்கினால் பக்கத்தில் மனுசி நின்று சிரிக்கிறாள், அதனால் ஆறுதலாக எழுதுகிறேன், நீ வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து வாசி. நீ கேட்டது ரெண்டு கேள்வி. ஒன்று, எங்கள் ஹோல் படத்தில் டிவிக்குக் கீழே வயர் தொங்கிக்கொண்டு இருக்கிற கறுப்புப் பெட்டி என்ன? மற்றது, முந்தாநாள் நான் அனுப்பின வீடியோ எங்கே கிடைத்தது? ரெண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறு.

2004 இல் நீ கனடாவிலிருந்து எழுதின கடிதம் ஞாபகம் இருக்கா? டிவியில் மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே நிப்பாட்டிவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். டச்சுக்குடாக் கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், இவனும் அங்கே போய்க் கதை விடத் தொடங்கிவிட்டான் என்று சிரித்தோம். கதை இல்லைதான். அமெரிக்காவில் டிவோ என்று ஒரு பெட்டி 1999 இலேயே கடைக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்கு அந்த மாதிரி ஒன்று வர 2018 ஆகிவிட்டது, அதுவும் டிஷ்காரர்கள் தந்த பெட்டிதான், பின்னால் யூஎஸ்பி ஓட்டை இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கைக் கொழுவினால் ரெக்கோட் பண்ணும்.

முதலில் சும்மா ஒரு பென் டிரைவைக் கொழுவிப் பார்த்தேன். படம் விக்கல் எடுத்தது மாதிரி நின்று நின்று ஓடியது. பென் டிரைவ் எழுதுகிற வேகம் காணாது என்று பிறகுதான் தெரிந்தது. சரி என்று மகளுடைய 500 ஜீபி டிஸ்க்கை எடுத்துக் கொழுவினேன், ஃபோர்மட் பண்ணவா என்று பெட்டி மரியாதையாகக் கேட்டது, நானும் ஓம் என்று அமத்திவிட்டேன். அதற்குள் அவளுடைய கம்பஸ் படம் முழுக்க இருந்தது. நல்ல காலம், இன்னொரு கொப்பி அவளிடம் இருந்தது. ரெண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. டிஷ்ஷில் வருகிறதே டிஜிட்டலாகத்தான் வருகிறது, பெட்டி அதை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கிறது, எத்தனை தரம் போட்டாலும் தேயாது. நீ நிப்பாட்டினாலும் அது எழுதுகிறதை நிப்பாட்டாது, வாசிக்கிறதைத்தான் நிப்பாட்டும். அதுதான் நீ அன்றைக்குச் செய்த மந்திரம். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 2 ஜீபி போகிறது, அப்படிப் பார்த்தால் 250 மணித்தியாலம் கொள்ளும். இதைக் கேட்டதும் எனக்கு வீடியோ கசட் போட்டுப் பார்த்த நம் டெக் காலம்தான் வந்தது. ஒரு இரவுக்கு டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் தட்டி, ஊரே முற்றத்தில் பாய் விரித்து விடிய விடிய மூன்று படம் பார்க்கும். மூன்றாவது படத்தில் கோடு கோடாக வரத் தொடங்கினால் நீதான் டொக்டர், மூடியைக் கழற்றி பத்து ரூபாய்த் தாளால் ஹெட்டைத் தேய்ப்பாய். அந்தத் தாளை ஒரு நாளும் திருப்பித் தந்ததில்லை, அது வேறு கதை.

எங்கள் பெட்டியில் டியூனர் ஒன்றுதான். ஒன்றை ரெக்கோட் பண்ணும்போது இன்னொரு சனலைப் பார்க்க முடியாது. அம்மாவுக்கு ஆறரைக்கு நாடகம், எனக்கு அதே நேரம் மேட்ச். நான் போட்டு வைத்த ரெக்கோடிங்குக்காக ஆறரைக்குப் பெட்டி தானாகவே சனலை மாற்றிவிடும், அம்மா, “என்ன பிள்ளை, பேய் மாத்துது” என்று கத்துவார். 84 வயதில் இப்போது அவர்தான் இந்த வீட்டில் பெட்டியை நன்றாகப் பழகினவர். ரெக்கோட் பண்ணின நாடகத்தில் விளம்பரத்தைத் தாண்டுகிற வேகத்தைப் பார்த்தால் உனக்கு வேர்க்கும். நான்தான் இன்னும் தடுமாறுகிறேன்.

தடுமாறின கதையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2023 செப்டம்பர் 17, ஆசியக் கிண்ண கிரிக்கெட் இறுதியாட்டம், நமக்கும் இந்தியாவுக்கும், கொழும்பில். அன்றைக்குத்தான் கிண்ணியாவில் என்னோடு வேலை செய்தவரின் மகளுக்குக் கலியாணம். பின்னேரம் 3 மணியிலிருந்து இரவு பதினொன்றரை வரை ரெக்கோட் பண்ண டைமர் போட்டுவிட்டு, ஃபோனையும் ஓஃப் பண்ணிவிட்டு, யாரும் ஸ்கோர் சொன்னால் அடிப்பேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுகிறோம், ஒருவரும் மேட்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்ல மனுசர் என்று நினைத்தேன். பெடியன்கள் ஃபோனைப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றபோதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். இரவு வீட்டுக்கு வந்து குளித்து, தேத்தண்ணியோடு கதிரையில் சாய்ந்து போட்டால், சிராஜ் ஒரே ஓவரில் 4 விக்கெட். நம்மவர்கள் 15.2 ஓவரில் 50 ஓட்டம், அவ்வளவுதான். அவர்கள் 6.1 ஓவரில் அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் பெட்டி மட்டும் விசுவாசமாகப் பதினொன்றரை வரை விளம்பரமும் பழைய ஹைலைட்சும் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறது. தேத்தண்ணி ஆற முதலே மேட்ச் முடிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்.

மாரியில் வேறு கூத்து. நவம்பரில் வாடைக்காற்றோடு மழை இறுகினால் டிஷ்ஷுக்குச் சிக்னல் இல்லை, ஆனால் டைமர் போட்டது போட்டதுதான், கறுப்புத் திரையை ஒரு மணித்தியாலம் பத்திரமாக எழுதி வைக்கும். கடல் காற்றுக்கு டிஷ்ஷின் ஆணியெல்லாம் கறள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதே, அப்போது பாதி பாதியாக வெட்டுப்பட்டுக் கிடந்த ரெக்கோடிங்குகள் இன்னும் லிஸ்டில் இருக்கின்றன. கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாக விழிக்காது, போய் எழுப்பிவிட வேண்டும். அன்றைக்கே ஒரு யூபிஎஸ் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

இப்போது கொஞ்ச நாளாகப் பெட்டி கிழமைக்கு ரெண்டு தரம் தானாக நின்று திரும்ப ஓடுகிறது, டிஸ்க்கும் நிறைந்துவிட்டது. போன ஞாயிறு பழையதுகளை அழிப்பம் என்று இருந்தேன். அம்மா பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக, அதை அழி, இதை விடு என்று உத்தரவு. கீழே போகப் போக 2020 வந்தது. சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வந்ததை ஒரு சனல் நேரடியாகக் காட்டியது, கொரோனாவுக்கு ஊரடங்கு போடச் சில கிழமைக்கு முந்தி. அன்றைக்கு அம்மாவுக்குக் கால் வீக்கம், வெளியே போக முடியவில்லை என்று நான்தான் போட்டுவிட்டிருக்கிறேன். அழிக்கப் போனேன், அம்மா, “பொறு, ஒருக்கா சாமியைப் பாப்பம்” என்றார்.

டைக் வீதிக்குள் திரும்புகிற இடம். வாசல் வாசலாக நிறைகுடம் வைத்து விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் படலையடியில் மாமா நிற்கிறார், வேட்டியோடு, மேலுக்குச் சட்டை இல்லை. கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று நிறைகுடத்து மாவிலையைத் தின்னக் கழுத்தை நீட்டுகிறது, மாமா சால்வையை உதறி உதறி அதைக் கலைக்கிறார், அது ரெண்டடி பின்னால் போய்த் திரும்ப வருகிறது, அவர் வாயில் ஏதோ ஏச்சு. நமக்கு ஏசுகிற அதே ஏச்சாகத்தான் இருக்கும். அதற்குள் மேளம் கிட்ட வர, சட்டென்று சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குகிறார். இடது கையில் நீ அனுப்பின மணிக்கூடு, வார் தளர்ந்து முழங்கைப் பக்கம் இறங்குகிறது. பின்னால் மான் ஆறுதலாக மாவிலையைத் தின்கிறது. கமரா அப்படியே சாமிக்குத் திரும்பிவிட்டது. எண்ணிப் பார்த்தேன், பதினொரு செக்கன்.

அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி, தானே பின்னுக்கு ஓட்டித் திரும்பப் போட்டார். 2021 இல் மாமாவின் செத்தவீட்டுக்கு நீ வர முடியாமல் அங்கே அறைக்குள் தனிய ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தது எனக்கு வந்தது. இங்கே ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தானே.

அடுத்த நாளே டிஸ்க்கைக் கழற்றி மத்திய வீதியில் கம்ப்யூட்டர் திருத்துகிற பெடியனிடம் கொண்டு போனேன். கொழுவிப் பார்த்துவிட்டு, ஐயா, கொப்பி எடுத்தாலும் வேறு எதிலும் ஓடாது, பூட்டித்தான் எழுதியிருக்கு, பூட்டு டிஸ்க்கில, திறப்பு உங்கட பெட்டிக்குள்ள என்றான். பெட்டி செத்தால்? டிஸ்க்கை வலைக்கு ஈயத்துக்குப் பதிலாகக் கட்டலாம் என்று சிரிக்கிறான். பெட்டி தந்த இடத்துக்கும் எடுத்துக் கேட்டேன், பழையதைத் தாங்கோ, புதியது தருகிறோம் என்று ஒரு பிள்ளை இனிமையாகச் சொன்னது. நான் காசு கட்டி, என் கரண்டில், என் டிஸ்க்கில் எழுதினது எனக்குச் சொந்தம் இல்லையாம்! சினிமாவையும் மேட்சையும் திருடி விற்கிறவனுக்குப் போட்ட பூட்டு, மாமா ஏன் மச்சான் அதற்குள்ளே இருக்க வேண்டும்?

கடைசியில் டிவிக்கு முன்னால் ஃபோனைப் பிடித்துத்தான் எடுத்தேன். முதல் தரம் டியூப் லைட்டும் என் பெனியனும்தான் கண்ணாடிக்குள் தெரிந்தது. ரெண்டாம் தரம் லைட்டை நூர்த்துவிட்டு எடுத்தால் மேளத்தை விட ஃபேன் சத்தம் கூட. மூன்றாம் தரம் ஃபேனையும் நிப்பாட்டி, கதிரையில் தலையணை வைத்து ஃபோனை அசையாமல் சாய்த்து, மனுசியை யன்னல் சேலையைப் பிடிக்கவிட்டு எடுத்ததுதான் உனக்கு வந்தது. நிறம் கொஞ்சம் நீலமாகத்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் வீடியோவாகப் போட்டதால் இன்னும் மங்கியிருக்கும், மகள் டொக்யுமெண்டாக அனுப்பச் சொல்லித் தந்திருக்கிறாள், இன்றைக்கு இரவு திரும்ப அனுப்புகிறேன்.

ரெக்கோடிங்கை அழிக்காமல் பூட்டு அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன். பெட்டியை மாற்றவும் மாட்டேன், நீ ஜூலையில் வரும்வரை அது தாக்குப்பிடிக்க வேண்டும் என்று நேற்றுத்தான் போய் யூபிஎஸ்ஸும் வாங்கினேன்.

வீடியோவில் நாலாவது செக்கனில் ஒரு இருமல் கேட்கும். அது மாமா இல்லை, நான்.

உன்
மச்சான்
உவர்மலை, திருகோணமலை