மூன்றாவது ஐஸ் பெட்டிக்கு நன்றி

பினாங்கு, செபராங் பிறை அன்பர்களே,

வெள்ளத்தில் நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் பலர் முழங்கால் தண்ணீரில் எங்களோடு நின்றவர்கள். தோட்ட ஆவணச் சேகரிப்புக்கு நீங்கள் நம்பிக் கொடுத்த செக்ரோல் புத்தகங்கள் (தோட்டத் தொழிலாளரின் வருகை, கூலிப் பதிவேடுகள்), கோயில் கணக்குகள், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் தொடங்கிய காலத்துப் பங்கு ரசீதுகள், பள்ளிக்கூடப் படங்கள் எல்லாவற்றிலும் பெரும்பகுதி பிழைத்துவிட்டது. அதற்கான முதல் நன்றி ஓர் ஆட்டிறைச்சிக் கடைக்காரருக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் நனைந்த காகிதம் இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். அதற்குள் அத்தனை தாளையும் உலர்த்த யாராலும் முடியாது. மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்தால் பூசணம் நிற்கும், மை பரவுவதும் நிற்கும். பிறகு கை இருக்கிற அளவுக்குக் கட்டுக்கட்டாக எடுத்து உலர்த்தலாம். வீட்டு ஐஸ் பெட்டியில் ஒரு பேரேடு கொள்ளும், ஓர் அலமாரி கொள்ளாது.

கறிக்கடை அண்ணனிடம் நாங்கள் கேட்டது அவர் ஐஸ் பெட்டியில் ஓர் ஓரம்தான். தீபாவளி நெருக்கத்தில், ஒவ்வோர் அடியும் காசாகிற நேரத்தில், மூன்றாவது பெட்டியை மொத்தமாகக் காலி செய்து கொடுத்தார். "சாக்கடைத் தண்ணி பட்டதைக் கறியோட வைக்கக் கூடாது" என்றார். அட்டைப்பெட்டியோடு போனவர்களைத் தடுத்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடைகளை நீட்டியவரும் அவர்தான். நனைந்த அட்டை சரிந்துவிடும். கூடையில் நீர் வடியும், குளிரும் உள்ளே போகும். கட்டுகளை இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிமனாக்க விடவில்லை. கறியானாலும் தடித்தால் நடுப்பகுதி உறையத் தாமதமாகுமாம். ஆவணக் காப்பகத்தார் பயிற்சி வகுப்பில் சொல்வதும் இதையேதான். எங்கள் பங்குக்குக் கட்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்தோம், புத்தகங்களை முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தினோம், கூடையை முக்கால்வாசியோடு விட்டோம்.

காப்பாற்ற முடியாதவையும் உண்டு. ஊதா நிற நகல் பென்சிலில் (காப்பியிங் பென்சில்) எழுதிய ரசீதுகள் தண்ணீர் பட்டதுமே கரையத் தொடங்கும். பெட்டிக்குள் போவதற்கு முன்பே சில வரிகள் போய்விட்டன. வழவழப்பான தாளில் அச்சான மலர்கள் ஒட்டியபடி காய்ந்தால் பிறகு பிரியாது. தமிழ் நேசன் நாளிதழ்க் கட்டுகளை ஈரத்தில் பிரிக்க முயன்றவர்களுக்குக் கையில் கூழ்தான் மிஞ்சியது.

உலர்த்தும் வேலைக்கு வந்தவர்களைத் தனித்தனியாகச் சொல்ல இடமில்லை. அச்சிடாத செய்தித்தாள் சுருள்களின் மிச்சத்தைக் கொடுத்த அச்சகம் (அச்சிட்ட தாளை வைத்தால் அதன் மை ஈரப் பக்கத்தில் ஏறிவிடும்), ஈரமுறிஞ்சி இயந்திரத்தோடு குளிர்சாதன அறையைத் திறந்துவிட்ட கோயில் நிர்வாகம், முதல் நாள் முழுக்கச் சில மணிக்கொரு தடவை இடைத்தாள் மாற்றிய ஓய்வுபெற்ற ஆசிரியைகள், காற்றாடியைத் தாளை நோக்கித் திருப்பாமல் சுவரை நோக்கித் திருப்பிவைத்த இளைஞர்கள், எல்லாருக்கும் வணக்கம்.

இந்தக் கூட்டுப்பணியைத் தொடங்கிய ஆய்வாளருக்கும் ஒரு வார்த்தை. எதையும் வாங்கிய அன்றே ஸ்கேன் செய்ய வேண்டும், படங்களுக்கு 600 டிபிஐ வேண்டும், கொடுத்த குடும்பத்துக்கு ஒரு பிரதி போக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தபோது எங்களில் சிலருக்கு எரிச்சல்தான். கரைந்த ரசீதுகளில் பலவற்றை இன்று படிக்க முடிகிறதென்றால், உங்கள் வீட்டு பென்டிரைவில் அந்தப் பிரதிகள் இருப்பதால்தான்.

இனி எந்த ஆவணப் பெட்டியும் தரைத்தளத்தில் இருக்காது. மாடியிலும் தரையிலிருந்து அரை அடி உயர்த்தித்தான் அடுக்குவோம். மூலம் ஓரிடம், பிரதிகள் வேறு இரண்டு இடம்.

வீட்டில் ஈரக் காகிதம் இன்னும் இருந்தால் வெயிலில் போடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியும் வைக்காதீர்கள், உடனே எங்களைக் கூப்பிடுங்கள். தீபாவளிக் கறிக்கு அண்ணன் கடைக்கே போங்கள். மூன்றாவது பெட்டியைத் திறக்கச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். அதில் இன்னும் செக்ரோல்தான் கிடக்கிறது.

அன்புடன்,
தோட்ட ஆவணச் சேகரிப்புக் குழுவினர்