பாய் தைக்கும் முன் டிராக்கைப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் ராஜா மூடா செலாங்கூர் பந்தயப் படகுகளின் படத்தைப் பார்த்த என் அக்காள் மகன், "மாமா, பாயில் குறுக்கே வரி வரியாக இருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டான். அதுதான் பேட்டன். பாயில் தைத்த உறைக்குள் செருகும் நீளமான கண்ணாடி இழைச் சிலாகை. பாய் படபடக்காமல் வடிவம் நிற்பதும், பின்விளிம்பு வெளியே வளைந்து நிற்பதும் அதனால்தான். கிள்ளான் துறைமுகத்திலிருந்து லங்காவி வரை 1990 முதல் நடக்கும் அந்தப் பந்தயத்தைப் பார்த்து ஆசைப்பட்டு நம் ஆட்களும் பழைய படகுகள் வாங்குகிறார்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் வாங்கிய கையோடு முழுநீளப் பேட்டன் வைத்துப் பெரிய பாய் தைக்கக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பாயைப் பாய்மரத்தோடு பிணைக்கும் சாமான் (பாய் ஏறி இறங்கும் தடமான டிராக்கும் அதில் ஓடும் துண்டுகளும்) என்ன என்று கேட்டால், "பழையதே போதுமே" என்கிறார்கள். போதாது. லங்காவியில் படகுகளுக்குக் கம்பியும் கயிறும் கட்டிப் பிழைப்பவன் நான், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் 38 அடிப் படகு ஒன்றைப் பங்கோரிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுபோனோம், படகுக்காரரும் நானும் மட்டும். விடிவதற்கு முன் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை அடிக்கும் சுமத்ரா காற்று அப்படித்தான், பெரும்பாலும் ராத்திரியிலும் விடியலிலும் வரும், கால் மணி நேரம்கூட அவகாசம் தராது. ஆஞ்சானை (பாய் ஏற்றும் கயிற்றுக்கு நம் பழைய கடலோடிகள் வைத்த பெயர்) அவிழ்த்துவிட்டேன். பாய் ஒரு மீட்டர் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. அவர் இன்ஜினைப் போட்டுப் படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பப் பார்க்கிறார், அலை தள்ளித் தள்ளிவிடுகிறது, நான் பாய்மரத்தடியில் துணியைக் கொத்தாகப் பிடித்து முழு எடையையும் போட்டுத் தொங்குகிறேன். கடைசியில் ஒரு பெரிய சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. கரைக்கு வந்ததும் பாய்மரத்தில் ஏறிப் பார்த்தேன். மேலிருந்து இரண்டாவது பேட்டனின் முனையில் இருந்த நைலான் வில்லை (பாயைப் பாய்மரத்தோடு பிணைத்து ஓடும் சின்னத் துண்டு) பாய்மரத்தின் நெடுகப் போகும் பள்ளத்துக்குள் சாய்ந்து ஆப்பு மாதிரி இறுகியிருக்கிறது, அதன் ஒரு காது ஒடிந்துபோய், பள்ளத்தின் அலுமினிய உதட்டில் விரல் நீளத்துக்குச் சுரண்டல். பாய் தைத்தவர் தையலில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பழைய வில்லைகளையே போட்டுக் கொடுத்திருந்தார், படகுக்காரரும் கேட்கவில்லை.

காரணம் எளிது. குட்டைப் பேட்டன் பின்விளிம்போடு நின்றுவிடும். முழுநீளப் பேட்டன் வில் போல வளைந்து, பின்விளிம்பில் விழும் இழுப்பையெல்லாம் முன்னால் கொண்டுவந்து பாய்மரத்தில் முட்டும். துணி பின்னால் இழுக்கிறது, பேட்டன் முன்னால் தள்ளுகிறது. சாதாரண வில்லை இழுப்பைத் தாங்கச் செய்தது, தள்ளுவதைத் தாங்க அல்ல. திரங்கானுவின் பழைய பினாஸ் கப்பல்களில் சீன ஜங்க் பாணிப் பாய்தான், அதிலும் குறுக்கே முழுநீளப் பேட்டன்கள் உண்டு, ஆனாலும் கயிற்றை விட்டால் தன் எடையிலேயே மடிந்து விழும். அங்கே பேட்டன் பாய்மரத்தைக் கடந்து போகிறது, முனை மரத்தில் முட்டுவதே இல்லை.

நம் படகில் முட்டுகிறது, ஆகவே பேட்டன் முனைக்கு ஒரு கார், அதாவது பேட்டன் முனையைத் தாங்கி டிராக்கில் ஓடும் சின்ன வண்டி வேண்டும். ஹார்கன் மாதிரி நிறுவனங்களின் கார்கள் பேரிங் குண்டுகளின் மேல் ஓடும், தனி டிராக் வேண்டும், விலை அதிகம், ஆனால் பக்கக் காற்றிலும் பாய் சரசரவென்று இறங்கும். குண்டில்லாமல் வழுக்கி ஓடும் கார்களும் உண்டு. டைட்ஸ் மரீனின் ஸ்ட்ராங் டிராக் இன்னொரு வழி: வழுவழுப்பான பாலிஎத்திலீன் பட்டை ஒன்றை இருக்கிற பள்ளத்திலேயே ஏற்றி, அதில் துருப்பிடிக்காத எஃகு வில்லைகளை ஓடவிடுகிறார்கள், பாய்மரத்தில் ஓட்டை போட வேண்டாம். உல்லாசமாகப் போய்வரும் 35, 40 அடிப் படகுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பின்விளிம்பு வளைவு அதிகமான பெரிய பாய் என்றால் குண்டு வைத்த கார்தான். 30 அடிக்குக் கீழே என்றால் மேலே ஒன்றோ இரண்டோ மட்டும் முழுநீளமாக வைத்து மற்றதைக் குட்டையாக விடுங்கள், பழைய வில்லையே ஓரளவு சமாளிக்கும்.

எதை வாங்கினாலும், பேட்டன் முனையைப் பிடிக்கும் பெட்டிக்கும் காருக்கும் நடுவே உள்ள இணைப்பு மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைகிறதா என்று கையில் பிடித்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் அந்த முறுக்கு முழுவதும் கார்மேல் விழும், எங்கள் படகில் அந்த வில்லை சாய்ந்த மாதிரிதான் கடைசியில் ஆகும். பாயின் உச்சி மூலையில் தைத்திருக்கும் ஹெட்போர்டு என்ற தகட்டுக்கு அதற்கென்று உள்ள பெரிய காரையே போடுங்கள், அங்கேதான் பாரம் அதிகம். அப்புறம், பாயை இறக்கியதும் எல்லாக் காரும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும்போது எவ்வளவு உயரம் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள், நிறைய பேர் இதை மறந்துவிட்டுப் பாயைக் கட்ட ஏணி தேடுகிறார்கள். அலுமினியப் பாய்மரத்தில் எஃகு ஸ்க்ரூ ஏற்றும்போது டெஃப்ஜெல் மாதிரி அரிப்பைத் தடுக்கும் பசை ஏதாவது தடவாமல் ஏற்றாதீர்கள், நம் உப்புக் காற்றில் இரண்டே வருடத்தில் வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிடும். குண்டுக் காருக்கு கிரீஸ் வேண்டவே வேண்டாம், தூசியும் உப்பும் அதில் ஒட்டிக்கொள்ளும், நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

புதுப் பாய் வந்ததும் கடலுக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். படகு காற்றுக்கு நேரே நிற்கும்போது எந்தப் பாயும் இறங்கும், அதை நம்பாதீர்கள். மெல்லிய காற்றுள்ள ஒரு காலையில் படகைக் கொஞ்சம் பக்கவாட்டில் நிறுத்தி, பாயை உச்சிவரை ஏற்றி, ஆஞ்சானை விட்டுவிட்டுப் பாருங்கள். பாதியில் நின்றால் பணம் கொடுப்பதற்கு முன் தைத்தவரைக் கூப்பிட்டு அதைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு படகுத் தொழிலாளி,
லங்காவி