சூரியன் மறைந்ததும் வாயை மூடிய வானொலிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வானொலி வரலாறு என்றாலே பெரிய நிலையங்களின் கதையைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அமெரிக்கச் சிற்றூர்களில் கிறிஸ்தவப் பாடலும் பிரசங்கமும் ஒலித்த குட்டி நிலையங்களைப் பற்றி யாராவது நாலு வரி எழுதினால் என்ன?

1921 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத் தேவாலயம் ஒன்றின் ஆராதனையை கேடிகேஏ என்ற வானொலி நிலையம் நேரடியாக ஒலிபரப்பியது. வந்த இரண்டு பொறியாளர்களில் ஒருவர் யூதர், இன்னொருவர் கத்தோலிக்கர். சபையாரின் கவனம் சிதறக்கூடாது என்று இருவருக்கும் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்களாம்! அப்புறம் வந்த சிற்றூர் ஏஎம் (மத்திய அலை) நிலையங்கள் பலவற்றுக்குப் பகலில் மட்டும்தான் அனுமதி, ஏனென்றால் இருட்டிய பிறகு ஏஎம் அலைகள் வானத்தின் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம் என்ற மின்னூட்ட அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்தின் மேல் போய் விழும். அதனால் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே கடையைக் கட்ட வேண்டியதுதான்.

இதில் எனக்குப் பிடித்தது ஒரே மைக்கைச் சுற்றி நால்வர் நின்று பாடும் முறை. கட்டைக்குரல்காரர் நெருங்கி வருவார், உச்சக்குரல்காரர் ஓரடி பின்னால் போவார், அதுதான் அன்றைய ஒலிக்கலவை.

2000-இல் 100 வாட் எஃப்எம் உரிமங்கள் வந்தபோது பல சபைகள் விண்ணப்பித்தன. ஐந்தாறு கிலோமீட்டர்தான் எட்டும். சரி, ஒரு சிற்றூருக்கு அது போதாதா?

இப்படிக்கு,
பழைய வானொலிப் பிரியன்