கலவையா, கலப்புலோகமா? கலைச்சொல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் கலைச்சொற்களைத் தொகுத்துத் தரும் குழுவினருக்கு,

வணக்கம். பாடநூல்களுக்கும் தொழில்நுட்பக் கையேடுகளுக்கும் மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. சந்தேகம் வந்தால் முதலில் கை போவது உங்கள் தொகுப்புகளிடம்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு வேதியியல் கையெழுத்துப் பிரதி வந்தது. பாடத்தில் 'உலோகக் கலவை' என்று தொடங்குகிறார் ஆசிரியர். படத்துக்குக் கீழே 'கலப்புலோகம்'. பயிற்சி வினாவில் 'உலோகக் கலப்பு'. பக்கத்தைத் திருப்பினால் 'அலாய்'. நான்கும் ஒன்றுதான், ஓர் உலோகத்தோடு வேறொன்றை உருக்கிச் சேர்த்த பொருள்தான் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு அவை நான்கு வேறு சரக்குகள். எதை வைத்துக்கொள்வது என்று தேடினால், தொகுப்பிலும் சொற்கள் காற்புள்ளி போட்டு வரிசையாக நிற்கின்றன, பிடித்ததை எடுத்துக்கொள் என்பதுபோல.

கேட்க வந்தது இதுதான்: 'கலப்புலோகம்' என்பதைத் தலைச்சொல்லாக வையுங்கள். மற்றவற்றை 'காண்க' என்று அதற்குத் திருப்பிவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "எஃகு உலோகக் கலவை என்று போட்டிருக்கிறது. அதில் இரும்பு உலோகம், சரி. கார்பன் எப்படி உலோகம்?" நியாயமான கேள்வி. எஃகில் சேர்கிற கார்பன் மிஞ்சிப்போனால் நூற்றுக்கு 2 பங்கு. அது உலோகமே இல்லை. ஆனால் 'உலோகக் கலவை' என்றால் உலோகங்களைக் கலந்தது என்றுதானே யாரும் படிப்பார்கள்? தமிழில் தொகைச்சொல்லின் கடைசிச் சொல்தான் ஆளைக் காட்டும். தேர்ச்சக்கரம் ஒரு சக்கரம். சக்கரத்தேர் ஒரு தேர். அந்தக் கணக்கில் 'உலோகக் கலவை' ஒரு கலவை. 'கலப்புலோகம்' ஓர் உலோகம், கலந்து உண்டான உலோகம். கலந்தது எது என்று அந்தச் சொல் வாய் திறப்பதில்லை. கார்பனுக்கும் அதில் இடம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இரும்புத்தூளையும் கந்தகத்தூளையும் சேர்த்தால் கலவை, காந்தத்தைக் காட்டினால் பிரிந்துவிடும் என்று முந்தைய பாடத்திலேயே சொல்லியாயிற்று. அப்புறம் பித்தளையைக் காட்டி இதுவும் கலவை என்கிறோம். வேதியியல் கணக்கில் பித்தளை ஒருபடித்தான கலவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் மனதில் 'கலவை' என்றதும் வருவது அந்தக் காந்தம்தான். செம்பையும் துத்தநாகத்தையும் எந்தக் காந்தமும் பிரிக்காது.

மின்பலகையில் கம்பியைப் பற்றவைக்கிற ஈயத்தைப் பாருங்கள். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும், காரீயம் 327 பாகையில். இரண்டையும் 63-க்கு 37 என்று சேர்த்தால் 183 பாகையிலேயே உருகிவிடும், தன் இரண்டு பெற்றோரையும்விடக் குறைவாக. சூட்டுக்கோலின் முனை பட்டதும் சட்டென்று பளபளவென ஓடி, அடுத்த நொடியில் இறுகி நிற்கும். தனக்கென்று குணம் வைத்திருக்கிற ஒன்றுக்கு, தன்னையும் உலோகம் என்று சொல்லும் பெயர் வேண்டாமா?

இந்தப் பற்றவைக்கும் ஈயத்துக்கும் எத்தனையோ மொழிபெயர்ப்புகளைத் திருத்தியிருக்கிறேன்: 'இணைப்பு உலோகக் கலவை', 'ஒட்டு உலோகம்', இன்னும் என்னென்னவோ. பற்றாசு என்ற சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. யாப்பு படித்தவர்களுக்கு ஆசிடை நேரிசை வெண்பா நினைவிருக்கும். இரண்டாம் அடியில் தனிச்சொல் ஒட்டாமல் விட்டிசைத்தால், ஓரசையோ இரண்டசையோ இடையில் சேர்த்து இணைப்பார்கள். அந்த அசைக்கு ஆசு என்று பெயர். ஒட்டாத உலோகங்களைப் பற்றாசு வைத்து இணைப்பதுபோல என்றுதான் உரைகாரர்கள் இதை விளக்கினார்கள். பட்டறைச் சொல்லை இலக்கணக்காரர்கள் இரவல் வாங்கியிருக்கிறார்கள். பாடநூல் எழுதுகிறவர்கள் மட்டும் புதிதாக வார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அகராதியில் பற்றாசுக்குத் தனிப் பதிவு கொடுங்கள், கோடி புண்ணியம்.

எவர்சில்வர் இன்னொரு வழக்கு. அதில் வெள்ளி துளியும் இல்லை; இரும்போடு குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம், பெரும்பாலும் நிக்கலும். 'துருப்பிடிக்கா எஃகு' என்பது சரியான சொல்தான். ஆனால் யாரும் அதில் தண்ணீர் மொண்டு குடித்ததில்லை. எவர்சில்வரை வழக்குச்சொல் என்ற குறிப்போடு பக்கத்தில் வையுங்கள். ஒதுக்கிவிட்டால் பிள்ளைகள் இரண்டையும் வேறு வேறு பொருள் என்றே நினைப்பார்கள். பாதரசத்தோடு வேறு உலோகம் சேர்ந்த இரசக்கலவையை மாற்றச் சொல்லமாட்டேன், அது ஊறிப்போன சொல். பித்தளை, வெண்கலம் இரண்டிலும் சிக்கல் இல்லை, ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதாதவரை: செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம்.

'கலப்பு' என்றதும் கலப்படத்தின் வாடை வருகிறதே என்று உங்களில் சிலர் தயங்கலாம். தங்கவேலை செய்கிறவர்கள்கூட செம்பு 'சேர்த்தது' என்பார்கள், 'கலந்தது' என்று சொல்லக் கூசுவார்கள். 22 காரட் தங்கம் என்றாலே ஆயிரத்துக்கு 916 பங்குதான் தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். அது ஏமாற்று இல்லை, நகை நெளியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. கலப்படம் வேறு, கலப்பு வேறு. அந்த வாடைக்குப் பயந்தால் 'கலவை'யையும்தான் விட வேண்டும், இரண்டுக்கும் வேர் ஒன்று. உலோகத்தைக் குறிக்கும் 'மாழை' என்ற பழஞ்சொல்லை வைத்துக் 'கலப்புமாழை' என்பாரும் உண்டு. அழகான சொல்தான், ஆனால் உலோகம் என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு அதையும் சேர்த்து விளக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக அலாய். மக்கள் வாயில் புழங்குவது உண்மையில் இந்தச் சொல்தான், அதுவும் வண்டிச் சக்கரத்தோடு மட்டும். "இரும்புச் சக்கரமா, அலாயா?" என்று கேட்கிறோம். அங்கே நாம் அலாய் என்பது அலுமினியக் கலப்புலோகத்தை. இரும்பு என்று ஒதுக்குகிற சக்கரம் எஃகு, அதுவும் கலப்புலோகம்தான்! அலாய் என்பது தனி உலோகத்தின் பெயர் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பதிவில் இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் நல்லது.

அந்த வேதியியல் பிரதி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. நான்கு சொற்களையும் கண்ட இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் 'கலப்புலோகம்?' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குறியை அழிக்கலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்